நெளிந்த சிலுவையும் ஒரு டிரம்மும்

சிலுவையைத்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டேன், அதைத் தூக்கி வந்தவர்களை அல்ல.

இரண்டு கோடைகளுக்கு முன்னால், ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், அலுவலகத் தோழிகளோடு ரயிலேறி சான் பிரான்சிஸ்கோ போய், தன்பாலின ஈர்ப்பாளர்கள் நடத்தும் பிரைடு ஊர்வலம் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் யாரோ பூசிவிட்ட மினுமினுப்பு. கையில் யாரோ திணித்த விசிறி. பெரிய கம்பெனி ஒன்றின் லாரி எங்களைக் கடந்தது. அதன் ஸ்பீக்கர் நெஞ்செலும்பை உலுக்கிவிட்டுப் போனது. அதன் பின்னால் கொஞ்ச தூரம் வெறும் சாலை. அதற்கும் பின்னால் ஒரு பித்தளைச் சிலுவை. அதன் வலது கையில் ஒரு நெளிவு.

அந்த நெளிவு எங்கள் சபைச் செயலாளர் அங்கிள் போட்டது. குருத்தோலை ஞாயிறன்று, "சின்னப் பிள்ளைங்க கையில குடுக்காதீங்க, நானே தூக்குதேன்" என்று பிடுங்கிக்கொண்டு போய், வாசல் நிலையில் டங்கென்று இடித்தார். ஓசன்னா பாடிக்கொண்டிருந்த சபை மொத்தமும் ஒரு கணம் நின்று, பிறகு இன்னும் சத்தமாகப் பாடியது, ஆண்டவருக்குக் கேட்டிருக்கக்கூடாது என்பதற்காக.

சான் ஹோசேவில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தமாகக் கட்டடம் கிடையாது. அமெரிக்க ஆங்கிலிக்கன் சபை ஒன்று தன் கோவிலை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. காலையில் அவர்கள் இங்கிலீஷில், பிற்பகலில் நாங்கள் தமிழில். தெற்கத்திக் கிறிஸ்தவர்கள் நாங்கள் தேவாலயத்தைக் கோவில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும்தான் சொல்வோம்; கேட்பவர்கள் குழம்பினால் அது அவர்கள் பாடு. ஊரில் எங்கள் திருச்சபையும் ஆங்கிலிக்கன் வழிவந்தது. அவர்கள் ஜெபமுறையும் எங்கள் ஜெபமுறையும் ஒரே புத்தகத்தின் இரண்டு பிள்ளைகள். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் காபி மெஷினில் காபி போட்டு, அவர்கள் சிலுவைக்குப் பின்னால் நடந்துவிட்டு, காரில் ஏறியதும் அவர்களைப் பற்றிப் பேசுவோம்.

அந்தச் சிலுவைதான் வந்துகொண்டிருந்தது. பின்னால் கழுத்துப்பட்டையோடு அவர்களுடைய பெண் பாதிரியார், தோளில் வானவில் நிறத் துண்டு. அவருக்குப் பின்னால் பெரும்பாலும் நரைத்த தலைகள். பாடிக்கொண்டு வந்தார்கள். பாடினார்கள் என்று நான் சொல்வது மரியாதைக்காக. காகிதத்தைப் பார்த்துப் படித்தார்கள். ஒரு கிதார் இருந்தது, அது வாசித்தவருக்குக் கேட்டிருக்கலாம். ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நடைபழகுகிறவர்களின் நடை. கூட்டம் கைதட்டியது. விளையாட்டு விழாவில் கடைசியாக ஓடி வரும் பிள்ளைக்குத் தட்டுவார்களே, அந்தத் தட்டு. எனக்கு உடம்பு கூசியது.

இவர்களுக்கு ஒரு டிரம் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

தடுப்பில் சாய்ந்தபடியே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "அண்ணா, நம்ம கோவில் சிலுவை பிரைடுல நடக்குது. தாளமே இல்லாம நடக்குது. பாக்கவே பாவமா இருக்கு."

உடனே பதில் வந்தது. "பாவம்னுதான் நம்ம ஐயரும் சொல்லிட்டிருக்காரு. நீ தண்ணி குடி, வெயில்ல நிக்காத."

அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் இல்லை. எங்கள் பாடகர் குழுவில் டிரம் வாசிப்பவர். நாகர்கோவில்காரர், சிப் கம்பெனியில் வேலை, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். சபையில் பாதிப் பேருக்குத் தம்பி, மீதிப் பேருக்கு அண்ணன். கல்யாணம் ஆகாததால் அங்கிள் என்ற பதவி உயர்வு மட்டும் வரவில்லை. தோளில் மாட்டிக்கொள்ளும் டிரம், இரண்டு பக்கமும் தோல். அதை விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாராம். பக்கத்து சீட்டுக்காரர் "குழந்தையா?" என்று கேட்டதாக வருஷத்துக்கு ஒருமுறை அவர் சொல்ல, வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் சிரிப்போம்.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. ஒரு யோசனை வந்தால் அதை யார் தலையிலாவது கட்டும்வரை எனக்குச் சோறு இறங்காது. அடுத்த வாரமே செயலாளர் அங்கிளைப் பிடித்தேன்.

அவர் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை வேலையில் இருந்தார். கோவில் முகப்பில் இங்கிலீஷ்காரர்கள் ஒரு வானவில் பதாகையை நிறுத்தியிருப்பார்கள், எல்லோரும் வரலாம் என்ற எழுத்தோடு. ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் ஆராதனைக்கு முன்னால் அங்கிள் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார். முடிந்ததும் மறுபடி முன்பக்கம் திருப்பி, கோணல் இல்லாமல் சரிபார்த்து, தூசியும் தட்டிவிட்டுப் போவார். வாடகை கேட்காத வீட்டுக்காரர் மனம் நோகக்கூடாது பாருங்கள்.

"ஏன் அங்கிள் திருப்புறீங்க?"

"பிள்ளைங்க கேள்வி கேக்கும்லா."

"நோவா பாத்த வானவில்லுன்னு சொல்லிடுங்க."

"நோவாவுக்குக் குடுத்தது ஏழு கலரு. இதுல ஆறுதான் இருக்கு. நான் எண்ணிப் பாத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த வேகத்தில், "அங்கிள், நீங்க இடிச்ச சிலுவை போன வாரம் பிரைடுல போச்சு, உங்க நெளிவோட" என்று சொல்லிவைத்தேன். அவர் முகம் அப்படியே நின்றுபோனது. அடுத்த மாதம் எங்கள் சபைக்குத் தனியாக ஒரு மரச்சிலுவை வந்தது. அங்கிளே கராஜில் அறுத்து, வார்னிஷ் அடித்தது. நடுவில் ஓர் ஆணித்தலை துருத்திக்கொண்டிருந்தது. பித்தளைச் சிலுவை அதற்குப் பிறகு பிற்பகல்களில் மூலையில் நின்றது, தீட்டுப்பட்டதைப் போல.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ். சபைக் குடும்பங்களின் வீடுகளுக்கு வேனிலும் காரிலும் போய்ப் பாடுவோம். ஒவ்வொரு வீட்டிலும் கேக், முறுக்கு, கூடவே அண்ணனுக்கு மட்டும் ஒரு கேள்வி. அன்று ஓர் ஆன்ட்டி, பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் தொடங்கினார்.

"தம்பி, அடுத்த கிறிஸ்மஸுக்காவது ஜோடியா வரணும், சொல்லிட்டேன்."

"ஜோடியாத்தான ஆன்ட்டி வந்திருக்கேன்." டிரம்மைத் தட்டிக் காட்டினார்.

"இதக் கட்டிக்கிட்டா புள்ள பொறக்குமா?"

"ராத்திரியெல்லாம் தூங்கவிடாம அழும். அது போதும் ஆன்ட்டி."

வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் வருஷக்கணக்காகப் பழகி வைத்திருந்தார், தாளம் தப்பாமல்.

அந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நான் அவர் காரில் போனேன். ஃப்ரீவேயில் பிற்பகல் நெரிசல். மடியில் ஆன்ட்டி கொடுத்த கேக் டப்பா.

"எனக்குப் பொண்ணு தேடுறாங்கல்ல, எல்லாரும் தப்பான கடையில நிக்கிறாங்க" என்றார், சாலையைப் பார்த்தபடி.

"தெரியும்ணா."

"தெரியுமா? எப்படி?"

"சபையில எங்களப் பாத்ததும் வயித்த உள்ள இழுக்காத ஒரே ஆம்பள நீங்கதான்."

அப்போது அவர் சிரித்தது வேறு சிரிப்பு. ஸ்டியரிங் கொஞ்சம் ஆடியது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "யாருக்கும் தெரிய வேணாம். பயம்னு இல்ல. அந்த டிரம் சீட்டு போயிடும். எனக்கு ஜெபம்லாம் வராது, கேட்டியா. கண்ண மூடினா ஆபீஸ்தான் ஓடும். கீர்த்தனைக்குத் தாளம் போடுற அந்த நேரம் மட்டும்தான் நான் கோவில்ல இருக்கேன். மத்ததுல்லாம் சும்மா உக்காந்திருக்கிறது."

அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் நான் பிரைடு பேச்சை எடுக்கவில்லை. ஆனால் யோசனை அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. பெயரைச் சொல்லாமல், ஆளைச் சொல்லாமல், இளைஞர் குழுவின் சார்பில் ஐயரிடம் கேட்டேன்: நமக்கு இடம் கொடுத்த சபைக்கு நன்றியாக, நம் கேரல் குழு அவர்கள் ஊர்வலத்தில் வாசித்தால் என்ன?

ஐயர் நல்லவர். கோபப்படவே மாட்டார். கண்ணை மூடி, தலையை மேலும் கீழும் ஆட்டி, "ஆலோசிக்கலாம்மா" என்றார். எங்கள் சபையில் ஆலோசிக்கப்பட்ட எதுவும் உயிரோடு திரும்பியதில்லை.

அதோடு விட்டிருப்பேன். போன வருஷம் ஜூன் மாதம், ஊர்வலத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அண்ணனே கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழம காலைல எத்தன மணிக்கு ரயிலு?"

நான் அடுப்பை அணைத்தேன்.

"உனக்காக வரல, ரொம்ப அலட்டிக்காத. ஒரு தடவையாவது யாரு பாக்குறாங்கன்னு பாக்காம வாசிக்கணும். மூணு மணிக்குள்ள திரும்பிடலாம்ல? தமிழ் சர்வீஸுக்கு நான்தான் வாசிக்கணும்."

"திரும்பிடலாம்ணா."

"சரி, ஜால்ராவ எடுத்துட்டு வா."

ஊர்வலம் புறப்படும் தெருவில் இங்கிலீஷ் சபையார் எங்களைக் கட்டிக்கொண்டார்கள். உண்மையான அன்பு, அதில் சந்தேகமே இல்லை. அந்த அன்போடு அண்ணனைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, உங்கள் பாரம்பரிய உடை எடுத்து வரவில்லையா என்று ஒரு பெண்மணி வருத்தப்பட்டார். அண்ணன் ஜீன்ஸிலும் டி ஷர்ட்டிலும் இருந்தார். அவர்களே சிந்தித்து, ஆரஞ்சு நிறத் துணிப்பூ மாலை ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். டிரம் வாருக்கு வானவில் ரிப்பனும். மாலையைப் போட்டுவிட்டு அந்தப் பெண்மணி கேட்டார், நீங்கள் எப்போது கிறிஸ்தவரானீர்கள் என்று.

அண்ணன் இங்கிலீஷில் பணிவாகப் பதில் சொன்னார்: "உங்கள் தாத்தா இந்த நாட்டுக்குக் கப்பல் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால்." பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "சவத்த விடு. வாசிக்க வந்தமா, வாசிப்போம்."

வாசித்தார். குருத்தோலைப் பவனிக்கென்றே உள்ள ஒரு கீர்த்தனை. மூன்றடி நடை, தகிட தகிட என்று காலை இழுத்துக்கொண்டு போகும். அவர்கள் பாடியது அவர்களுடைய இங்கிலீஷ் பாட்டுதான், ஆனால் அடியில் ஓடியது எங்கள் நடை. முதல் தெரு முனையிலேயே காகிதங்கள் சட்டைப்பைக்குள் போயின. நரைத்த தலைகள் ஆடத் தொடங்கின. பாதிரியார் அம்மா அங்கியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கூட்டமும் குதித்தது. எனக்கு ஜால்ரா அடித்தே கை மரத்துப்போனது. கூட்டத்துக்குள்ளிருந்து எவனோ ஒருவன், முகம்கூடத் தெரியவில்லை, "அண்ணே! இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!" என்று தமிழில் கத்தினான். அண்ணன் அந்தத் திசையைப் பார்த்து தாளத்தை முடிக்கிற தீர்மானம் ஒன்று வைத்தார் பாருங்கள், அப்படி அவர் எங்கள் கோவிலில் ஒருமுறைகூட வாசித்ததில்லை. இடம் பற்றாமல் அங்கே அடக்கி வைத்திருந்தது எல்லாம் அன்று சாலையில் கொட்டியது.

மூன்று மணிக்கு முன்பே திரும்பிவிட்டோம். மாலை இல்லாமல், ரிப்பன் இல்லாமல், வெயிலில் சிவந்த கழுத்தோடு, தமிழ் ஆராதனைக்கும் வாசித்தார். "தம்பி இன்னைக்கு நல்லா வாசிச்சீங்க" என்று செயலாளர் அங்கிள் முதுகில் தட்டினார்.

புதன்கிழமை இங்கிலீஷ் சபையின் இணையப் பக்கத்தில் முதல் படமாக அண்ணன் இருந்தார். மாலை, ரிப்பன், கண்மூடிய முகம். மேலே, எல்லோரும் வரலாம் என்ற அதே எழுத்து. யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. இவ்வளவு அழகான படத்துக்கு யார் வேண்டாம் என்பார்கள்?

வியாழக்கிழமைக்குள் படம் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடி, நியூ ஜெர்சி போய், டெக்ஸஸ் போய், அங்கே பேர்லேண்டில் இருக்கும் என் சித்தி வீட்டுச் சமையலறையில் போய் நின்றது.

"அந்தப் படத்துல ஓரத்துல தெரியுற கை உன்னோடதா?" என்றார் சித்தி, எடுத்த எடுப்பில்.

"ஆமா சித்தி."

"அந்த வளையல் நான் வாங்கிக் குடுத்தது."

"ஆமா சித்தி."

"நீயும் அப்படியா?"

"இல்ல சித்தி, நான் ஜால்ரா."

"சிரிக்காத. உனக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கோம். அந்தக் கைய கட் பண்ணிட்டு ஃபார்வர்டு பண்ணச் சொல்லு." என் கையை வெட்டிவிட்டால் போதும். மிச்சப் படம் ஊரெல்லாம் சுற்றுவதில் சித்திக்கு ஆட்சேபணை இல்லை.

ஞாயிறு வந்தது. எங்கள் சபையில் யாரையும் கல்லால் அடிக்க மாட்டோம். ஜெபிப்போம். பரிந்துரை ஜெபத்தில் ஐயர், ஓர் அங்கிளின் முழங்கால் ஆபரேஷனுக்கும் ஒரு குடும்பத்தின் கிரீன் கார்டுக்கும் நடுவில், குரலை இறக்கினார். "ஆண்டவரே, எங்கள் நடுவிலே கண்ணியிலே சிக்கியிருக்கிற ஒரு சகோதரனை உமது கரத்தில் தருகிறோம்." பெயர் சொல்லவில்லை. தேவையும் இல்லை, எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், எல்லாருடைய முகமும் டிரம் இருந்த பக்கம் திரும்பியிருந்தது. ஆமென் என்றார்கள். ஆமென் முடிந்ததும் பாட்டு. பாட்டுக்கு அவர்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். மொத்தச் சபையும் காத்திருந்தது. அவர் எடுத்துக்கொடுத்தார். ஓர் அடி பிசகவில்லை. நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டேன்.

அன்று அசனம், எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து. ஆன்ட்டிகள் அவர் தட்டில் கறியை அள்ளி அள்ளி வைத்தார்கள். கேரலில் கேள்வி கேட்ட ஆன்ட்டி கேட்க ஒன்றும் இல்லாமல், "நல்லா சாப்பிடுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். நோயாளிக்குச் சொல்லும் குரல். இனி அவரிடம் யாரும் ஜோடியைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்வி இவ்வளவு நாளும் அவரை உள்ளே வைத்திருந்தது என்பது அது நின்றபோதுதான் தெரிந்தது.

சில வாரம் கழித்து டிரம் இருந்த இடத்தில் ஒரு கீபோர்டு இருந்தது. புத்தம் புதியது, கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கவில்லை. செயலாளர் அங்கிள் அண்ணனின் தோளில் கைபோட்டு, வாசலுக்கு வெளியே கூட்டிவந்தார். திருப்பி வைத்த பதாகையின் பக்கத்தில் நின்று பேசினார். நானும் நகரவில்லை.

"தம்பி, எவ்வளவு காலமா உழைச்சிருக்கீங்க. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. புது கீபோர்டுல ஐநூறு ரிதம் இருக்காம், பட்டன அமுக்குனா போதும்."

"ரெஸ்ட் வேணும்னு நான் கேக்கலையே அங்கிள்."

"கேக்கணுமா? எங்களுக்குத் தெரியாதா? பாடகர் குழுவுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க பாருங்க."

அவ்வளவுதான். அண்ணன் அங்கிளின் கையைத் தோளிலிருந்து எடுக்கவும் இல்லை. அது அங்கே கனமாகக் கிடந்தது. பிறகு, "சரி அங்கிள்" என்றார்.

அன்றிலிருந்து அவர் மூன்றாவது பெஞ்சில். கீபோர்டு வாசிக்கும் ஆன்ட்டிக்குத் தெரிந்த ரிதம் ஒன்றே ஒன்றுதான். எந்தக் கீர்த்தனைக்கும் அதையே அமுக்குவார். மூன்றடி நடைப் பாட்டுக்கு நாலடி ரிதம். சபை தடுமாறும், மேடு பள்ளத்தில் நடக்கிற மாதிரி பாடும், கடைசியில் மெஷினுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடும். ஒருவரும் குறை சொல்லவில்லை. ஐநூறு ரிதம் உள்ள பெட்டியைக் குறை சொன்னால் பிறகு யாரைக் கூப்பிடுவது? நான் பக்கத்துப் பெஞ்சிலிருந்து அண்ணனின் கையைப் பார்ப்பேன். தொடைமேல் விரல்கள் சரியான தாளத்தைச் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டிருக்கும். வாரா வாரம் அந்தத் தப்புத் தாளத்தைக் கேட்க அவர் வந்து உட்கார்ந்தார். சபையும் அதை விரும்பியது என்றே நினைக்கிறேன். வராமல் போயிருந்தால் யாருக்காக ஜெபிப்பது?

"காலை சர்வீஸுக்குப் போங்களேன்ணா" என்றேன். ஒருமுறை போனார். எழுந்து நின்று கைதட்டினார்களாம். பாதிரியார் அம்மா, பிரசங்க நேரத்தில் உங்கள் கதையைச் சொல்ல முடியுமா, எவ்வளவோ பேருக்குத் தைரியம் வரும் என்று கேட்டாராம். அவர் டிரம்மைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்கு, அது அடுத்த பிரைடுக்குச் சரியாக இருக்கும், ஞாயிறுகளில் எங்களுக்கு ஆர்கன் இருக்கிறதே என்றாராம்.

பார்க்கிங்கில் காரில் சாய்ந்துகொண்டு இதைச் சொன்னார். "அங்க நான் ஒரு கதை. இங்க நான் ஒரு ஜெபக் குறிப்பு. எங்கயாவது ஒரு எடத்துல நான் வெறும் டிரம் வாசிக்கிறவனா இருக்க முடியாதா? நீ படிச்சவல்ல, சொல்லு."

என்னிடம் இருப்பது எப்போதும் யோசனைதான்.

இது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். இன்னும் சில வாரத்தில் குருத்தோலை ஞாயிறு. குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு கோவிலைச் சுற்றி, பார்க்கிங் வழியாகப் பவனி வருவோம். கீபோர்டால் நடக்க முடியாது. இதை நான் கமிட்டிக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது அங்கிள் புன்னகைத்தார். ஏற்கனவே யோசித்து, சக்கரம் வைத்த பேட்டரி ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிவிட்டார். மெஷினின் ரிதத்தைப் பதிவு செய்து அதில் ஓடவிடப் போகிறார். முன்னால் மரச்சிலுவை, ஆணித்தலையோடு. பின்னால் அந்த ஸ்பீக்கர், இழுப்பதற்குக் கைப்பிடி உண்டு.

"நல்ல ஐடியா அங்கிள்" என்றேன். "சார்ஜ் போடுற வேலைய நான் பாத்துக்கிறேன்."

"பாத்தியா, பொறுப்பு வந்துட்டு" என்று எல்லாரிடமும் சொன்னார். ஸ்பீக்கர் இப்போது என் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கிறது. எவ்வளவு சார்ஜில் எத்தனை பாட்டு ஓடும் என்று மாலைகளில் சோதித்துக்கொண்டிருக்கிறேன். கோவில் வாசலில் கிளம்பி, கட்டடத்தின் பின்பக்க வளைவுவரை சார்ஜ் வந்தால் போதும். அங்கேதான் பவனி நடுவழியில் இருக்கும். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே தூரம். அங்கே பாட்டு நின்றால், வெறும் செருப்புச் சத்தத்தோடு ஆண்டவர் எருசலேமுக்குள் நுழைய வேண்டும். அப்போது சபையில் யார் முதலில் திரும்பி அண்ணனைத் தேடுகிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும். ஒருவரும் திரும்பாமலும் போகலாம். செருப்புச் சத்தத்தோடே பாடி முடித்துவிடுவார்கள், அதற்கும் அவர்களால் முடியும்.

அண்ணனிடம் ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லவில்லை. நேற்று போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "அண்ணா, குருத்தோலை ஞாயிறுக்குக் கார பின்பக்க வளைவுல பார்க் பண்ணுங்க. டிக்கில டிரம் இருக்கட்டும்."

"ஏன் அங்க?"

"அங்க மரத்தடில நெழல் இருக்கும்ல."

போனில் மூன்று மூன்றாக ஒரு விரல் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நெழல் ஆகாது" என்றார். "இவ்வளவு மாசமா தொடவேயில்ல, தோல் தளந்துபோயிருக்கும். வெயில்ல வச்சாத்தான் இறுகும். மரத்துக்கு இந்தப் பக்கம் போடுறேன்."